நாற்பத்தொன்றாம் சுவரின் மூன்றாவது படம்

படக்காரர் அன்றைக்கு ஒரே ஒரு படம்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒன்றுக்கு ஐந்து தடவை பொத்தானை அழுத்தினார். நான்கு தடவை கேமரா ‘பிழை’ என்ற எழுத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துகொண்டது. ஐந்தாவது தடவை உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடி மனம் வைத்து எழும்பி விழுந்து ‘டடக்’ என்றது. பன்னிரண்டு அடி தள்ளி நின்றிருந்த சாட்சியர், பதிவேட்டைத் திறந்து “சத்தம் கேட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தொன்றாம் சுவரின் இரண்டாவது படம் இப்படித்தான் முடிந்தது.

சுவர் கண்காணிப்புத் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர் முழுக்க மேடும் பள்ளமுமான நகரம் அது. மேல் தெரு கீழ்த் தெருவின் மேல் சரிந்துவிடாமல் பெரிய பெரிய சுவர்கள் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. துறை அந்தச் சுவர்களைக் கட்டுவதில்லை, பூசுவதில்லை, இடிப்பதுமில்லை. கண்காணிக்கிறது. அதை அறுபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் செய்துவருகிறது.

ஒரு சுவரில் வெடிப்பு கண்டால், முப்பது நாள் இடைவெளியில் மூன்று படங்கள் எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று, ஒரே கேமராவால். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்து வெடிப்பு வளர்ந்திருந்தால், சுவர் ஆபத்தானது என்று அறிவிப்பார்கள். அடியில் குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு கிடைக்கும். அறிவிப்புக்கு முன்னால் யாராவது மூட்டை கட்டினால் அவர்கள் பெயர் ‘தாமாகப் பயந்து போனவர்கள்’ என்ற பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மாற்று வீடு கிடையாது. இடையில் கேமராவை மாற்றினாலோ, மறுபடி முதல் படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சாட்சியர் வந்த கதை வேறு. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு படக்காரர் வீட்டில் படுத்துக்கொண்டே ஒரு சுவரின் ஒரே படத்தை மூன்று தடவை கொடுத்துவிட்டார். அதிலிருந்து, கேமராவின் சத்தத்தை ஒருவர் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று காதால் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. பார்த்தேன் என்று எழுதினால் எதைப் பார்த்தாய் என்று பின்னால் யாராவது கேட்பார்கள், கேட்டேன் என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை என்று அந்தக் காலத்து இயக்குநர் நினைத்திருக்கிறார். கெட்டிக்காரர்தான்.

படக்காரருக்கு இருபது வருட வேலையில் நூறு சுவர்கள் பழக்கம். ஆனால் நாற்பத்தொன்று மட்டும் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. அதன் அடியில் நான்கு வீடுகள். இரண்டாவது வீட்டில் அவருடைய தங்கை, இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தாள். மாப்பிள்ளை கப்பல் வேலையில் எங்கோ கடல் நடுவே. வெடிப்பு, தங்கையின் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே மேலிருந்து கீழாக ஓடியது.

மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் அதைத் திறந்து, மூடி, உதட்டைப் பிதுக்கினார்.

“சார், இது ரெண்டு லட்சம் தடவைக்கு மேல அடிச்சிருக்கு. கம்பெனிக்காரனே ஒன்றரை லட்சம்தான் தாங்கும்னு சொல்றான். இந்த மாடலுக்கு பார்ட்ஸ் வர்றதே நின்னு போச்சு.”

“இன்னும் எத்தனை தடவை அடிக்கும்?”

“அம்பது அடிக்கலாம். அஞ்சு அடிக்கலாம். அடுத்த தடவையே கண்ணாடி மேலே போய் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கலாம். பேசாம ஒரு மிரர்லெஸ் வாங்கிக்கங்க. அதுல இந்தக் கண்ணாடியே கிடையாது, ஏறி இறங்குற தொல்லையும் இல்ல.”

“எனக்கு ஒரே ஒரு படம் போதும். முப்பது நாள் கழிச்சு.”

“அப்ப அதுவரைக்கும் தொடாதீங்க” என்றார் மெக்கானிக்.

படக்காரர் அன்றே துறைக்கு விண்ணப்பம் எழுதினார். மற்ற சுவர்களுக்குப் புதிய மிரர்லெஸ் கேமரா ஒன்று வேண்டும், கண்ணாடி ஏறி இறங்கும் பழைய டிஎஸ்எல்ஆரை நாற்பத்தொன்றாம் சுவரின் ஒரு படத்துக்காக மட்டும் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதிய போது அவருக்கே தன் யோசனை பிடித்திருந்தது. அங்கேதான் தப்புப் பண்ணினார்.

கிடங்கு அதிகாரி விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு படக்காரருக்கு ஒரு கேமராதான். புதுசு உள்ள வந்தா பழசு வெளிய போகணும். ரெண்டையும் வெச்சுக்கணும்னா நீங்க ரெண்டு ஆளா இருக்கணும். ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், சார். தேர்ந்தெடுக்கணும்னா குழு போடணும்.”

அப்படியாக ‘பழைய டிஎஸ்எல்ஆர் மற்றும் புதிய மிரர்லெஸ் ஒப்பீட்டுத் தேர்வுக் குழு’ பிறந்தது. இயக்குநர் தலைவர். துணை இயக்குநர், கிடங்கு அதிகாரி, இன்னும் மூன்று பேர் உறுப்பினர்கள். ஒப்பீடு முடியும் வரை இரண்டு கேமராக்களும் குழுவின் பொறுப்பில் இருக்கும் என்று உத்தரவு வந்தது. படக்காரர் கழுத்தில் இருந்த கேமராவைக் கழற்றிக் கொடுத்தார். “தயவுசெஞ்சு யாரும் அழுத்திப் பாக்க வேண்டாம்” என்றார். “அழுத்தாம எப்படிங்க ஒப்பிடறது?” என்றார் கிடங்கு அதிகாரி, நியாயமாகவே.

முதல் கூட்டம் எடையைப் பற்றியது. தபால் எடை போடும் தராசில் பழையதை வைத்தார்கள். தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புதியது பாதிகூட இல்லை. கடையிலிருந்து வந்திருந்த விற்பனைக்காரர், இதுதான் சார் இதனுடைய சிறப்பே என்று சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை.

“ஒரு அலுவலர் கழுத்துல தொங்குற பொருள் அவரைக் கொஞ்சமாவது குனிய வைக்கணும்” என்றார். “அப்பதான் ஜனங்க இவர் ஏதோ பொறுப்பைச் சுமக்கிறாருன்னு நம்புவாங்க. நானே வெறும் ஃபைலைக்கூட ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பேன். உள்ள ஒரே ஒரு தாள் இருந்தாலும்.”

அப்போது துணை இயக்குநர் பழைய கேமராவைக் கையில் எடுத்து, சன்னலைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்க மறந்துவிட்டார். டடக் டடக் டடக் என்று அது ஓடியது. படக்காரர் எண்ணினார். பதினொன்று. “நல்லா ஓடுதே!” என்றார் துணை இயக்குநர் மகிழ்ச்சியாக.

வெளியே வந்ததும் தங்கையிடமிருந்து போன்.

“அண்ணே, போன வாரம் வெடிப்புக்குள்ள விசிட்டிங் கார்டுதான் போச்சு. இப்ப பென்சில் போகுது.”

“நீ ஏன் அதுக்குள்ள பென்சிலை விடுற?”

“பின்ன உங்க ஆபீஸ்ல இருந்து வந்தா விட்டுப் பாத்தாங்க? நான்தான் பாக்கணும். எப்பண்ணே வருவீங்க?”

“இன்னும் பத்தொன்பது நாள்.”

“சுவருக்கு அது தெரியுமா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டாவது கூட்டம் சத்தத்தைப் பற்றியது. நீண்ட நடைபாதையில் பன்னிரண்டு அடி அளந்து சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, உறுப்பினர்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். பழையதை அழுத்திய போது எல்லோரும் கேட்டது என்றார்கள். புதியதை அழுத்திய போது யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. துணை இயக்குநர் மட்டும் தனக்குத் தெளிவாகக் கேட்டது என்று சாதித்தார். விசாரித்ததில், அழுத்துவதற்கு முன்னாலேயே அவருக்குக் கேட்டிருந்தது.

விற்பனைக்காரர் அவசரமாக ஏதோ திருகினார். “சார், சத்தம் வேணும்னா ஸ்பீக்கர்ல வெச்சுக்கலாம். எவ்வளவு வேணும்னாலும் கூட்டலாம்.” புதிய கேமரா ‘பீப்’ என்று கூவியது.

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு சொன்னார்: “அது வேலை செய்யுறப்ப வர்ற சத்தம் இல்ல. வேலை செஞ்சுட்டேன்னு சொல்ற சத்தம். செய்யுறதுக்கும் செஞ்சுட்டேன்னு சொல்றதுக்கும் எவ்வளவு தூரம்னு நம்ம துறைக்குத் தெரியாதா? அதை வெச்சுத்தானே அறுபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கோம்!”

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டல் பதிவேட்டில் ஏறியது. சத்தத்தைப் பற்றி ஆராய இன்னொரு துணைக்குழு போடுவதாக முடிவாகி, தேநீர் வந்தது. அன்றைக்குப் பழைய கேமராவில் செலவானது ஒன்பது ‘டடக்’. படக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார். நாற்காலியில் உட்காருவார், உடனே எழுந்திருப்பார். சன்னல் பக்கம் போவார், மழை வருகிறதா என்று பார்ப்பார். தங்கையிடமிருந்து செய்தி வந்திருந்தது: டீ ஸ்பூன் போகிறது.

மூன்றாவது கூட்டத்தில் இரண்டு கேமராவாலும் இயக்குநரையே படமெடுத்துத் திரையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். பழையதில் அவர் மங்கலாக, சாந்தமாக இருந்தார். புதியது அவர் கண்ணைத் தானே தேடிப் பிடித்து, கண்ணுக்குக் கீழே தொங்கிய பையையும் பல் இடுக்கையும்கூட விடாமல் காட்டியிருந்தது.

“இது என்ன, என்னைக் கிழவன் மாதிரி காட்டுது?”

“உள்ளதை உள்ளபடி காட்டுது சார்” என்றார் விற்பனைக்காரர்.

“உள்ளதைக் காட்டச் சொல்லி நம்மகிட்ட யாருங்க கேட்டாங்க? மாற்றம் இருக்கா இல்லையான்னு காட்டினா போதும்.”

படக்காரரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டார். “சார், மன்னிக்கணும். நாற்பத்தொண்ணுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. வெடிப்பு விரல் அகலம் வந்துருச்சு. பழசை எங்கிட்டக் கொடுத்துடுங்க. ஒரே ஒரு படம் எடுத்துட்டு நானே கொண்டுவந்து வெச்சுடறேன்.”

இயக்குநர் அவரைக் கனிவாகப் பார்த்தார். “உங்க தங்கச்சி அங்க இருக்காங்களாமே?”

“ஆமாங்க சார்.”

“அப்ப இது உங்க சொந்த விஷயம். சொந்த விஷயம் இருக்கிறவர் குழுவுல உட்காரக் கூடாது. எங்களைப் பாருங்க, இந்தச் சுவரைப் பத்தி எங்களுக்கு ஒரு கவலையும் கிடையாது. அதனாலதான் எங்களால நிதானமா யோசிக்க முடியுது.”

அதோடு படக்காரர் அறைக்கு வெளியே பெஞ்சுக்கு வந்துவிட்டார். மீதிக் கூட்டங்களில் என்ன நடந்தது என்று கதவு இடுக்கு வழியாக வந்த சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு ‘டடக்’குக்கும் அவர் தோள் ஒரு தடவை குலுங்கும். ஒருநாள் நடுவே சத்தம் நின்று, “என்னங்க, பிழைன்னு வருது?” என்று குரல் கேட்டது. அவர் எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டார். “தட்டிப் பாருங்க” என்றது இன்னொரு குரல். தட்டினார்கள். மறுபடி டடக் என்றது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

முப்பதாவது நாள் மதியம் முடிவு வந்தது. மிரர்லெஸ்ஸே தேர்வு. ஆண்டறிக்கையில் ‘நவீனமயம்’ என்ற அத்தியாயத்துக்கு ஒரு வரியும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்களாம். பழையது மாலை ஐந்து மணிக்குக் கிடங்கில் ஒப்படைக்கப்படும். நாற்பத்தொன்றாம் சுவருக்கு நாளை முதல் புதிய கேமராவால் முதல் படம்.

மூன்று படமும் முடிய இன்னும் அறுபது நாள். தங்கை கடைசியாக அனுப்பியிருந்தது, குழம்புக் கரண்டியின் காம்பு உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது என்று. படக்காரருக்கு அந்த ஆறு பேரையும் ஏதாவது செய்துவிட வேண்டும் போலிருந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அப்போது இயக்குநர் வெளியே வந்தார். “பழைய கேமராவுக்கு நன்றி சொல்ற மாதிரி, குழுவை அதாலேயே ஒரு படம் எடுத்துடுங்க. ஆண்டறிக்கைக்கு ஆகும். முற்றத்துல நிக்கட்டுமா?”

படக்காரர் வாயிலிருந்து பேச்சு தானாக வந்தது. “முற்றத்துல வெயில் நேரா அடிக்குது சார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். சரிவுப் பக்கம் ஒரு இடம் இருக்கு, அங்க வெளிச்சம் மெத்துனு வரும். பின்னால நல்ல பெரிய சுவர். சுவர்த் துறைக் குழு சுவருக்கு முன்னால நின்னா எவ்வளவு பொருத்தமா இருக்கும்!”

கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும் என்றதும் இயக்குநர் வண்டியை வரச் சொல்லிவிட்டார்.

சாட்சியரையும் கூட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளில் போய் நாற்பத்தொன்றாம் சுவரின் முன்னால் இறங்கினார்கள். படக்காரர் தரையில் தான் போட்டிருந்த அடையாளத்தில் போய் நின்றார். அதே இடம். சாட்சியரைப் பன்னிரண்டு அடி தள்ளி நிறுத்தினார். ஆறு பேரையும் மூன்று மூன்றாகப் பிரித்து, வெடிப்பு நடுவில் தெரியும்படி விலகி நிற்க வைத்தார். சமையலறைச் சன்னலில் தங்கை வந்து நின்று பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அது என்னம்மா சுவர்ல கரண்டி?” என்றார் துணை இயக்குநர்.

“சிக்கிக்கிச்சு சார். வரமாட்டேங்குது.”

“அரசாங்கச் சுவர்ல சொந்தக் கரண்டியெல்லாம் தொங்கவிடக் கூடாதும்மா” என்று கண்டித்துவிட்டு அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

படக்காரர் மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்தினார். பிழை. மறுபடி. பிழை. கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போய்விடாதே, ஒன்றே ஒன்று என்று மனசுக்குள் கெஞ்சினார். மூன்றாவது தடவை டடக் என்றது. கண்ணாடி மேலே போய், அங்கேயே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அது கீழே வரவே இல்லை. திரையில் படம் இருந்தது: இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் கைவிரல் அகல வெடிப்பு, அதில் கரண்டி.

“சார், பெரிய அதிகாரி இருக்கிற இடத்துல அவர்தான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்னு விதி” என்று பதிவேட்டை நீட்டினார். இயக்குநர் பெருந்தன்மையோடு “சத்தம் கேட்டேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதையே சுவரின் மூன்றாவது படமாகத் துறையில் கொடுத்துவிட்டு, அன்று இரவு படக்காரர் ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

நான்காவது நாள் துறையிலிருந்து கடிதம் வந்தது. நாற்பத்தொன்றாம் சுவரின் மூன்று படங்களும் முறைப்படி ஒப்பிடப்பட்டன. முதல் படத்தில் வெடிப்பு இருந்தது. இரண்டாவதில் அதிகரித்திருந்தது. மூன்றாவதில் வெடிப்பே இல்லை. துறையின் தொடர்ந்த கண்காணிப்பால் சுவர் குணமடைந்துவிட்டது, கோப்பு மூடப்படுகிறது.

கூடவே படமும் இருந்தது. ஆறு பேரும் நின்றார்கள். நடுவில் வழுவழுவென்று சுவர்.

படக்காரர் கணினிப் பிரிவுக்கு ஓடினார். “இயக்குநர் ஐயா சொன்னாருங்க, நடுவுல ஏதோ கறுப்புக் கோடு அசிங்கமா இருக்கு, எடுத்துடுன்னு. கரண்டியையும் எடுத்துட்டேன்” என்றார் அங்கே இருந்தவர். நன்றாகத்தான் எடுத்திருந்தார்.

இயக்குநர் அறையில் படக்காரர் கேமராவின் மெமரி அட்டையை மேஜையில் வைத்தார். “சார், உண்மையான படம் இதுல இருக்கு. ஒரு தடவை பாருங்க. அங்க நாலு குடும்பம் இருக்கு.”

“எதுங்க உண்மை? முத்திரை எதுல இருக்கோ அதுதான் உண்மையான படம்.” இயக்குநருக்கு மெல்லக் கோபம் ஏறியது. “அந்தச் சுவருக்கு முன்னால நானே நின்னிருக்கேன். என் கையெழுத்து இருக்கு. வெடிப்பு இருந்திருந்தா நான் அங்க நின்னிருப்பேனா?”

படக்காரர் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

“கிளம்பு” என்றார்.

“பட்டியல்ல ஏத்திடுவாங்களே அண்ணே.”

“ஏத்தட்டும். எனக்குப் பயமா இருக்குடி. நிஜமாவே பயமா இருக்கு.”

தங்கை அவரைப் பார்த்தாள். அண்ணன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. பிள்ளைகளின் புத்தகங்களைக் கட்டினாள். பிறகு மற்ற மூன்று வீடுகளுக்கும் போய்க் கதவைத் தட்டி, அண்ணன் போனில் ஏற்றியிருந்த உண்மையான படத்தைக் காட்டினாள். மாலைக்குள் நான்கு வீடும் காலி. மறுநாள் நான்கு குடும்பமும் ‘தாமாகப் பயந்து போனவர்கள்’ பட்டியலில் ஏறின.

பதினோராவது நாள், மழை விட்ட மதியம் இரண்டேகால் மணிக்கு, குணமடைந்த சுவர் விழுந்தது. நான்கு வீடும் அடியில் போயின. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

துறை உடனே செயலில் இறங்கியது. சுவர் விழுந்துவிட்டதா என்று முடிவு செய்ய முப்பது நாள் இடைவெளியில் மூன்று படங்கள் எடுக்க வேண்டும். விழுந்தது உறுதியானால், பட்டியலில் ஏறியவர்களுக்கும் மாற்று வீடு பற்றிப் பரிசீலிக்கப்படும் என்று உத்தரவு வந்தது. படக்காரர் புதிய கேமராவோடு போனார். கூடவே சாட்சியர். தங்கை ஏற்கெனவே அங்கே இருந்தாள், கற்களுக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டு.

படக்காரர் பழைய அடையாளத்தின் மேல் நின்று பொத்தானை அழுத்தினார். படம் பளிச்சென்று விழுந்தது. ஒவ்வொரு கல்லும் எண்ணும்படி இருந்தது.

“சத்தம் கேக்கலையே” என்றார் பன்னிரண்டு அடிக்கு அப்பாலிருந்து சாட்சியர்.

மறுபடி அழுத்தினார். சாட்சியர் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, பாவமாகத் தலையை ஆட்டினார். “சத்தத்தைப் பத்தின துணைக்குழு இன்னும் அறிக்கை தரல. நான் எப்படிங்க பொய்க் கையெழுத்துப் போடறது? என் வேலையே போயிடும்.”

அவர் பதிவேட்டை மூடப் போனார். தங்கை கற்களிலிருந்து நிமிர்ந்தாள். கையில் நெளிந்துபோன ஒரு குழம்புக் கரண்டி. சாட்சியரின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அண்ணனைப் பார்த்து, “அழுத்துங்க” என்றாள். அவர் அழுத்தினார். அவள் கரண்டியை ஓங்கி, தன் வீட்டு வாசலாக இருந்த கல்லின் மேல் ஒரு அடி அடித்தாள். சரிவு முழுக்க எதிரொலித்தது. சாட்சியர் துள்ளிவிட்டார்.

“கேட்டுச்சா?” என்றாள் தங்கை. கரண்டியை இன்னும் கீழே போடவில்லை.

சாட்சியர் அவளைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், அடியில் கிடந்த நான்கு வீடுகளைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, “சத்தம் கேட்டேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.